முதல் பணிக்காலம் முடியப்போகிறது: அடுத்த பணியிடத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

நெய்தல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கடற்படையின் உளவுப் பிரிவில், பிரிவு எண்ணை வைத்து "எய்ட்டீன் தர்ட்டி" என்று எல்லோரும் அழைக்கும் அந்தக் கூட்டத்தில், லெப்டினன்ட் ஜூனியர் கிரேட் (லெப்டினன்ட்டுக்கு ஒரு படி கீழே) நிலையில் இருக்கிறேன். நியூபோர்ட்டில் அதிகாரிப் பயிற்சிப் பள்ளி, வர்ஜீனியாவின் டாம் நெக்கில் அடிப்படை உளவுப் பயிற்சி, பிறகு கலிஃபோர்னியாவின் லெமூர் தளத்தில் ஒரு போர்விமான ஸ்குவாட்ரனில் (விமான அணியில்) முதல் பணி என்று, பலரும் வந்த பாதையிலேயே நானும் வந்தேன். எதிரியின் ஏவுகணைகளும் ராடார்களும் எப்படி இயங்குகின்றன என்று விமானிகளுக்கு வகுப்பெடுப்பதும், நெவாடாவின் ஃபாலனில் பயிற்சி நடக்கும் நாட்களில் இரவெல்லாம் விழித்திருந்து மறுநாள் தாக்குதல் திட்டத்துக்கான படங்களைத் தயாரிப்பதும், விமானந்தாங்கிக் கப்பலில் ஏறியபின் அதன் உளவு மையத்தில் முறைவைத்து அமர்வதும் இதுவரை என் வேலையாக இருந்தன. வேலை பிடித்திருக்கிறது. விமானிகளின் நடுவே உளவுப் பிரிவைச் சேர்ந்தவனாக நான் ஒருவன் மட்டும் இருப்பதுதான் சில நேரங்களில் தனிமையாக இருக்கிறது.

இன்னும் சில மாதங்களில், பணியிடங்களை ஒதுக்கும் அதிகாரியான டீட்டெய்லரிடம் விருப்பப் பட்டியலைத் தரவேண்டும். இரண்டாவது பணிக்கு என் முன்னால் இருக்கும் வாய்ப்புகள் நான்கு. முதலாவது, மேரிலாந்தின் சூட்லண்டில் உள்ள கடற்படை உளவு அலுவலகம். இரண்டாவது, ஹவாயில் பேர்ல் ஹார்பரில் உள்ள இந்தோ-பசிபிக் கட்டளையகத்தின் கூட்டு உளவு மையம். மூன்றாவது, பஹ்ரைனில் ஐந்தாம் கடற்படையணியின் தலைமையகம். நான்காவது, மீண்டும் கடல்: வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து புறப்படும் ஒரு பெரிய கப்பலின் உளவுப் பிரிவு.

என் மனைவி மருந்தாளுநர். கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்று ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறார். எங்களுக்கு இன்னும் குழந்தைகள் இல்லை. எங்கள் இருவரின் பெற்றோரும் இந்தியாவில் இருக்கிறார்கள். பாதுகாப்புச் சரிபார்ப்பின்போது அவை அனைத்தையும் முறையாகத் தெரிவித்துவிட்டேன், அதில் சிக்கல் எழவில்லை.

எங்கள் ஸ்குவாட்ரனில் இருப்பவர்களைக் கேட்டால், அவர்கள் விமானிகள் என்பதால், தங்கள் பாதையை வைத்தே பதில் சொல்கிறார்கள். ஒருவர் கடலை விட்டு இறங்கினால் பதவி உயர்வை மறந்துவிட வேண்டும் என்கிறார். இன்னொருவர் இளம் வயதில் ஹவாயைக் கைவிடுபவன் அறிவற்றவன் என்கிறார். இந்தத் துறையில் நெடுநாள் இருந்தவர்களிடமிருந்தும் அவர்களுடைய குடும்பத்தாரிடமிருந்தும் நிதானமான கருத்தை எதிர்பார்க்கிறேன். ஓய்வூதியத்துக்கான இருபது ஆண்டுகள் நீடிப்பேனா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

பழைய மாலுமி:

தம்பி, முதலில் ஒரு நன்றி. கப்பலின் பெயரையோ நாட்களையோ எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள். கீழே பதில் எழுதுபவர்களும் அப்படியே இருந்தால் நல்லது.

நான் இதே பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்து கமாண்டராக ஓய்வு பெற்றேன். உங்கள் கேள்வி நான்கு ஊர்களைப் பற்றியதாக இருக்கிறது. நானும் உங்கள் வயதில் அப்படித்தான் கேட்டேன். பதவி உயர்வுக் குழு உங்கள் கோப்பைத் திறக்கும்போது ஊரை யாரும் பார்ப்பதில்லை. எந்த நாற்காலியில் அமர்ந்தீர்கள், அங்கே உங்களோடு ஒத்த நிலையில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களுக்குள் உங்களை மேலதிகாரி எந்த இடத்தில் வைத்தார் என்பவற்றையே பார்க்கிறார்கள். ஃபிட்ரெப் என்னும் தகுதி அறிக்கையின் உயிர் அந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. அப்படி ஒப்பிடப்படும் லெப்டினன்ட்களுள் "ஏர்லி ப்ரொமோட்" என்ற உயர்ந்த பரிந்துரையை 20 சதவீதத்தினருக்கு மேல் தரமுடியாது. ஸ்குவாட்ரனில் நீங்கள் உணரும் தனிமை மனத்தை மட்டும் தொடுவதன்று, அறிக்கையையும் தொடும்: ஒப்பிட ஆளில்லாமல் "ஒருவரில் ஒருவர்" என்று எழுதப்பட்ட அறிக்கை எவ்வளவு புகழ்ந்திருந்தாலும், படிப்பவருக்கு அதிலிருந்து எதையும் எடைபோட முடியாது. முதல் பணியில் அது எல்லோருக்கும் நேர்வது என்பதால் குழுவும் அதைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டாவது பணியிலும் அப்படியே அமைந்தால் பொறுக்காது. ஆகவே, உளவுப் பிரிவின் லெப்டினன்ட்கள் பலர் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்துக்குச் செல்லுங்கள். சூட்லண்டும் ஹவாயும் அத்தகைய இடங்கள். பெரும்பாலும் பஹ்ரைனும் அப்படியே.

கடலை விட்டு இறங்கினால் பதவி உயர்வு இல்லை என்பது உங்கள் விமானி நண்பருக்குப் பொருந்தலாம். உங்களுக்கு ஸ்குவாட்ரன் பணியே கடற்பணிக் கணக்கில் வருகிறது. கடல் உங்களை மீண்டும் அழைக்கும் காலம், லெப்டினன்ட்டுக்கு அடுத்த படியான லெப்டினன்ட் கமாண்டர் ஆனபின் வரும். விமானக் குழு முழுமைக்குமான உளவு அதிகாரி, நிலநீர்த் தாக்குதல் கப்பல் அணியின் உளவு அதிகாரி போன்ற மைல்கல் பதவிகள் அப்போதுதான் கிடைக்கும். கமாண்டர் நிலையில் தாக்குதல் அணியின் உளவுத் தலைவர் பதவி. அவற்றுக்குத் தேர்வுக் குழு தனியாக அமர்கிறது. அந்த நாற்காலியில் அமரும்போது அட்மிரல் உங்களிடம் தலைப்புச் செய்தியைக் கேட்கமாட்டார். "அந்த நீர்மூழ்கி நாளை எங்கே இருக்கும்?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் அறிவை எங்கே சேர்க்கப்போகிறீர்கள் என்பதே இரண்டாவது பணியைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் எண்ணவேண்டியது.

இங்கே பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எட்வின் லேடன், ஜோசப் ரோஷ்ஃபோர்ட் என்ற இரு கடற்படை அதிகாரிகள் 1929-இல் ஜப்பானிய மொழி கற்பதற்காக ஒரே கப்பலில் டோக்கியோவுக்கு அனுப்பப்பட்டார்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1942-இல், ரோஷ்ஃபோர்ட் ஹவாயில் ஒரு நிலவறையில் சங்கேதங்களை உடைத்துக்கொண்டிருந்தார். லேடன், பசிபிக் கடற்படையின் தளபதியான அட்மிரல் நிமிட்ஸின் உளவு அதிகாரியாக இருந்தார். ஜப்பானிய விமானந்தாங்கிகள் பசிபிக் தீவான மிட்வேயை நோக்கி எந்தத் திசையிலிருந்து, எப்போது, எவ்வளவு தொலைவில் தென்படும் என்று நிமிட்ஸ் கேட்டபோது லேடன் திட்டமாக ஒரு மதிப்பீட்டைத் தந்தார். ஜூன் 4 அன்று அது ஐந்து நிமிடம், ஐந்து பாகை, ஐந்து மைல் மட்டுமே பிசகியது என்று நிமிட்ஸே சொன்னார். சங்கேதச் செய்திகள் கையில் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் துண்டு துண்டாகக் கிடைத்தவற்றை இணைத்து ஒரு பகைத் தளபதியின் எண்ணத்தைப் படிக்க, அந்த மொழியோடும் அந்தக் கடலோடும் பல்லாண்டு பழகிய ஒருவர் தேவைப்பட்டார். லேடன் 1940-இன் இறுதியிலிருந்து போரின் பெரும்பகுதி முழுவதும் அதே நாற்காலியில் இருந்தார்.

இன்று அப்படி யாரையும் விட்டுவைப்பதில்லை. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டியைக் கட்டவேண்டும். லேடனுக்கு அமைப்பே கொடுத்த ஆழத்தை உங்கள் தலைமுறை தானே கோத்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே எந்த ஊர் என்பதற்கு முன், எந்தக் கடல் என்பதை முடிவு செய்யுங்கள். மேற்குப் பசிபிக் என்றால், இப்போது ஹவாய், பிறகு ஜப்பானின் யோகோசுகாவில் ஏழாம் கடற்படையணி, அதன்பின் பசிபிக் கரையிலிருந்து புறப்படும் ஒரு மைல்கல் பதவி என்று ஒரே நீர்ப்பரப்பின் மேல் பணிகளை அடுக்கலாம். வளைகுடா என்றால் பஹ்ரைனும் டாம்பாவில் உள்ள மத்தியக் கட்டளையகமும். வட அட்லாண்டிக் என்றால் நேப்பிள்ஸில் ஆறாம் அணி, 2018-இல் மீண்டும் அமைக்கப்பட்ட நார்ஃபோக்கின் இரண்டாம் அணி, இங்கிலாந்தின் மோல்ஸ்வொர்த்தில் உள்ள உளவு மையம். எல்லாக் கடலையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நல்ல விளக்கவுரையாளர்கள், அவ்வளவுதான்.

சூட்லண்டைப் பற்றி ஒரு சொல். கடற்படை உளவு அலுவலகம் 1882-இல் தொடங்கப்பட்டது, நாட்டின் உளவு அமைப்புகளில் மிகப் பழையது. அங்கே ஒரு நாட்டின் ஒரே வகைக் கப்பலை இருபது ஆண்டுகளாகப் பார்த்துவரும் குடிமைப் பணியாளர்களின் அருகில் நீங்கள் அமர்வீர்கள். அவர்களிடம் வாயைத் திறக்காமல் ஆறு மாதம் கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு மிகவும் தாமதமாகக் கிடைத்தது.

கடைசியாக எண்கள். நடைமுறையில் உள்ள பொது வழிகாட்டலின்படி லெப்டினன்ட் கமாண்டருக்கு ஏறத்தாழ 80, கமாண்டருக்கு 70, கேப்டனுக்கு 50 சதவீத வாய்ப்பு என்று கொள்ளலாம். ஆண்டுக்கு ஆண்டு தேவையைப் பொறுத்து மாறும். லெப்டினன்ட் கமாண்டர் தேர்வு ஏறத்தாழ பத்தாம் ஆண்டை ஒட்டி வரும். இருமுறை தேர்வாகாவிட்டால் பொதுவாக வெளியேற வேண்டியதுதான். அதாவது, அந்தக் குழுவின் முன் வைக்கப்படும் அறிக்கைகளில் பெரும்பகுதி உங்கள் இரண்டாவது, மூன்றாவது பணிகளில் எழுதப்படுபவை.

---

கரைவிளக்கு:

பழைய மாலுமி ஐயா எழுதியவை அனைத்தும் சரியானவை. ஆனால் அவருடைய பதிலில் நெய்தலின் மனைவி ஓரிடத்திலும் வரவில்லை என்பதைக் கவனித்தேன். பணி ஒதுக்கீட்டில் கடற்படையின் தேவை, அதிகாரியின் வளர்ச்சி, அவருடைய விருப்பம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறோம் என்று டீட்டெய்லர்கள் சொல்வார்கள். குடும்பம் அந்த மூன்றாவதற்குள் எங்கோ ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். என் கணவர் இதே பிரிவில் லெப்டினன்ட் கமாண்டர். ஐந்து முறை வீடு மாறியிருக்கிறோம், மூன்று ஆண்டுகள் யோகோசுகாவில் வாழ்ந்திருக்கிறோம். ஆகவே உங்கள் மனைவி படிப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உரிமத்தைப் பற்றி முதலில். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, படைவீரரின் துணைவர் ஒரு மாநிலத்தில் பெற்ற தொழில் உரிமத்தை இடமாற்ற ஆணையின் பேரில் புதிய மாநிலத்திலும் சில நிபந்தனைகளோடு பயன்படுத்தலாம். கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில், மருத்துவமனையின் பணியமர்த்தும் அலுவலர் அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். நீங்கள் தாளை அச்சிட்டு எடுத்துச் செல்லவேண்டியிருக்கும். கலிஃபோர்னியா மருந்தாளுநர்களுக்குத் தனியாகத் தன் சட்டத் தேர்வை நடத்தும் மாநிலம் என்பதால், வேறு மாநிலத்தில் நிரந்தர உரிமம் வேண்டுமானால் அங்குள்ள சட்டத் தேர்வை எழுத நேரலாம். புதிய உரிமத்துக்கான செலவில் 1,000 டாலர் வரை கடற்படை திருப்பித் தரும், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

மேரிலாந்து, ஹவாய், வர்ஜீனியா ஆகிய மூன்றிலும் இந்த வழி உண்டு. வெளிநாட்டில் இல்லை. அங்கே நம் நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் உள்ள உடன்பாடும், அந்நாட்டுச் சட்டமும், விசாவின் வகையும் சேர்ந்து துணைவர் வேலை செய்யலாமா என்பதை முடிவு செய்யும். தளத்துக்குள் இருக்கும் மருத்துவமனையில் காலியிடம் வந்தால் உண்டு, இல்லையேல் காத்திருப்புதான். யோகோசுகாவில் ஒரு பல் மருத்துவர் இரண்டு ஆண்டுகள் தளத்துக் கடையில் காசாளராக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

பணக் கணக்கும் மாறும். நாட்டுக்குள் வீட்டு வாடகைப் படி உங்கள் பதவி, பணியிடத்தின் அஞ்சல் எண், குடும்பம் உண்டா என்பவற்றை வைத்து நிர்ணயிக்கப்படும். வாடகை குறைந்தால் மிச்சம் உங்களுக்கே. ஹவாயிலும் அதுவே, கூடவே வாழ்க்கைச் செலவுப் படியும் உண்டு, ஆனால் அந்தப் படி ஏன் தரப்படுகிறது என்பது முதல்முறை பால் வாங்கும்போதே விளங்கிவிடும். வெளிநாட்டில் உண்மையான வாடகையை, ஒரு வரம்புக்குள், அப்படியே தருவார்கள்; மிச்சம் என்று ஒன்றுமில்லை. இரண்டு சம்பளத்தில் வாழ்ந்தவர்கள் ஒரு சம்பளத்துக்கு இறங்குவதை இந்தப் படிகளால் ஈடுசெய்ய முடியாது.

வெளிநாட்டுப் பணி என்றால் குடும்பத்துக்கே தனித் தகுதிச் சோதனை நடக்கும். சிறப்பு மருத்துவத் தேவை ஏதேனும் இருந்து அந்த ஊரில் அதற்கான வசதி இல்லையென்றால் ஆணை மாற்றப்படும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் இதையும் கணக்கில் கொள்ளுங்கள். குடும்பத்தோடு சென்றால் பணிக்காலம் நீளும், தனியாகச் சென்றால் குறையும். குறுகிய காலம்தானே என்று தனியே செல்பவர்கள், ஸ்குவாட்ரனோடு கடலில் கழித்த மாதங்களோடு இதையும் கூட்டிப் பார்ப்பது நல்லது.

ஹவாய் என்றதும் கடற்கரையை நினைத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உளவு மையத்தில் முறைப்பணி கிடைத்தால் பன்னிரண்டு மணி நேரம், அதில் பாதி இரவு. ஜன்னல் இல்லாத அறை. கைப்பேசி வெளியே பெட்டிக்குள். மாலையில் என்ன நடந்தது என்று கேட்டால் "வேலை இருந்தது" என்பதே பதில். நான் அதற்குப் பழக இரண்டு ஆண்டுகள் ஆயின.

---

இருகரை:

நான் எட்டாவது ஆண்டில், லெப்டினன்ட் நிலையிலேயே முழுநேரப் பணியிலிருந்து விலகினேன். இப்போது ஓர் அரசுத் துறையில் குடிமைப் பகுப்பாய்வாளர். பகுதிநேரப் படையான ரிசர்வில் அதே உளவுப் பிரிவில் தொடர்கிறேன். பழைய மாலுமி ஐயாவின் பதிலில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. கேள்வி கேட்டவர் இருபது ஆண்டுகள் நீடிப்பாரா என்று தெரியவில்லை என்கிறார். பதிலோ கமாண்டர் பதவியை இலக்காக வைத்து எழுதப்பட்டிருக்கிறது. உளவுப் பிரிவிலிருந்து முதன்முதலில் நான்கு நட்சத்திர அட்மிரலான பாபி ரே இன்மனைப் பற்றிப் பயிற்சியில் எல்லோருக்கும் சொல்வார்கள். நடுவில் இறங்கிய நூற்றுக்கணக்கானவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நாங்களும் நன்றாகவே இருக்கிறோம்.

முடிவு செய்யாத ஒருவருக்கு, நான்கில் சூட்லண்டே நல்லது என்பது என் எண்ணம். உளவுத் துறையின் குடிமைப் பணிகளில் மிகப் பெரும்பகுதி வாஷிங்டனைச் சுற்றியே இருக்கிறது. அங்கே இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தால், பணி விலகும்போது உங்களை அறிந்தவர்கள் அதே ஊரில் இருப்பார்கள். இரகசியத் தகவல்களைக் கையாளத் தரப்படும் பாதுகாப்பு அனுமதியும் நடப்பில் இருக்கும். அந்த அனுமதி நடப்பில் உள்ளவரை வேலைக்கு எடுப்பதற்கும் புதிதாகச் சரிபார்ப்பைத் தொடங்குவதற்கும் உள்ள கால வேறுபாட்டை, ஆளெடுக்கும் எந்த நிறுவனத்தைக் கேட்டாலும் சொல்வார்கள். மனைவியின் தொழிலுக்கும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை.

ஓய்வூதியத்தைப் பற்றிய அச்சம் பலரைத் தேவையில்லாமல் கட்டிவைக்கிறது. நீங்கள் 2018-க்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் கலப்பு ஓய்வூதிய முறையில் இருக்கிறீர்கள். இருபது ஆண்டு முடித்தால் ஆண்டுக்கு 2 சதவீத வீதம் 40 சதவீதம். பழைய முறையில் அது 50 சதவீதமாக இருந்தது. அந்தக் குறைவுக்கு ஈடாக, சேமிப்புத் திட்டத்தில் நீங்கள் 5 சதவீதம் போட்டால் அரசும் 5 சதவீதம் போடும், அது இடையில் விலகினாலும் உங்களோடு வரும். குடிமை அரசுப் பணியில் சேர்ந்தால், படைப்பணிக் காலத்தின் அடிப்படைச் சம்பளத்தில் 3 சதவீதத்தை வைப்பாகச் செலுத்தி அந்த ஆண்டுகளைக் குடிமை ஓய்வூதியக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ரிசர்வில் மாதம் ஒரு வார இறுதியும் ஆண்டுக்கு இரண்டு வாரமும் என்று தொடர்ந்தால் அங்கும் இருபது தகுதியாண்டுகள் சேரும். அந்த ஓய்வூதியம் பொதுவாக 60 வயதில் தொடங்கும். இதில் தாமதம் உண்டு, இழப்பு என்று சொல்லமுடியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முழுநேரப் பணியோ ரிசர்வோ, இந்தியாவுக்குப் பெற்றோரைப் பார்க்கச் செல்லும் ஒவ்வொரு பயணத்தையும் புறப்படுமுன் தெரிவித்துவிடுங்கள். வெளிநாட்டில் பெற்றோர் இருப்பதால் அனுமதி போவதில்லை. சொல்லாமல் விட்டால் போகும். இப்போது தொடர் கண்காணிப்பு முறை என்பதால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை படிவம் நிரப்பும்போது சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்ற பழைய நினைப்பு உதவாது.

---

நெய்தல்:

மூவருக்கும் நன்றி. கரைவிளக்கு அக்கா எழுதியதை மனைவி இரண்டு முறை படித்தார். பல் மருத்துவர் பற்றிய வரியில் அதிக நேரம் நின்றார். பஹ்ரைன் பட்டியலின் கடைசிக்குப் போய்விட்டது.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. ஹவாயில் உள்ளது பல படைகளும் சேர்ந்த கூட்டு மையம் என்பதால், அங்கே பணிபுரிந்தால் பிற்காலத்துக்குத் தேவையான கூட்டுப்பணித் தகுதி இப்போதே கிடைத்துவிடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். இது சரியா? மான்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைப் பள்ளிக்கு முயற்சி செய்வது இந்த வரிசையில் எங்கே பொருந்தும்?

---

பழைய மாலுமி:

கரைவிளக்கு சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. என் வீட்டிலும் அதையே சொன்னார்கள். அப்போது கேட்கவில்லை, இப்போதும் எழுதும்போது விட்டுவிட்டேன்.

தம்பி, உங்கள் நண்பர் சொன்னது பாதிதான் சரி. 1986-ஆம் ஆண்டின் கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டத்துக்குப் பிறகு அட்மிரல் பதவிக்குக் கூட்டுப்பணித் தகுதி தேவை என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கில் சேரும் பதவிகள் பொதுவாக லெப்டினன்ட் கமாண்டர் நிலையிலிருந்துதான் தொடங்கும். லெப்டினன்ட்டாக நீங்கள் ஹவாயில் இருந்தால் மற்றப் படையினரோடு பழகும் அனுபவம் கிடைக்கும், ஏட்டில் தகுதி ஏறாது. அதற்காக மட்டும் ஹவாயைத் தேர்ந்தெடுக்கவேண்டாம். கூட்டுப்பணிக் கல்வியின் முதல் கட்டத்தை நியூபோர்ட்டின் கடற்படைப் போர்க் கல்லூரி வழியாகத் தொலைநிலையிலேயே முடிக்கலாம். சூட்லண்டில் ஒழுங்கான பணிநேரம் அமைந்தால் அங்கேயே முடித்துவிடுங்கள், பிறகு கடலில் அதற்கு நேரம் வாய்க்காது.

மான்டரே நல்ல பள்ளி. இரண்டாவது பணியில் ஒப்பீட்டோடு கூடிய ஓர் அறிக்கையாவது கையில் வாங்கியபின் செல்லுங்கள். படிக்கும் காலத்தில் எழுதப்படும் அறிக்கைகளில் உங்களை யாரோடும் ஒப்பிடமாட்டார்கள் என்பதால், தனியனாக இருந்த ஸ்குவாட்ரனிலிருந்து நேராகப் பள்ளிக்குச் சென்றால், குழுவின் முன் உங்கள் கோப்பில் நான்கைந்து ஆண்டுகளுக்கு எடைபோட ஒன்றும் இருக்காது. மேலும் அரசு செலவில் படித்தால், கட்டாயம் பணியில் இருக்கவேண்டிய கடப்பாட்டு ஆண்டுகள் கூடும். நீடிப்பதா என்று முடிவு செய்யாத நிலையில் அதையும் நினைவில் வையுங்கள். இந்த இடத்தில் இருகரை சொன்னதோடு எனக்கு உடன்பாடு உண்டு.

ரோஷ்ஃபோர்ட்டின் கதையை நான் பாதியில் விட்டிருந்தேன். மிட்வேயில் அவர் சொன்னதே சரியாக இருந்தும், சில மாதங்களில் அவரை ஹவாயிலிருந்து மாற்றி, பின்னர் ஒரு மிதக்கும் கப்பல்துறையைக் கவனிக்க அனுப்பினார்கள். பெரிய பதக்கம் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது. லேடன் அட்மிரலானார். இருவரும் ஒரே கப்பலில் டோக்கியோவுக்குப் போனவர்கள். நான் மேலே எழுதிய பணி வரிசைகளையும் சதவீதங்களையும் இதையும் மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

---

நெய்தல்:

சூட்லண்ட் முதலிலும் ஹவாய் இரண்டாவதிலும் இருக்கும்படி பட்டியலை எழுதியிருக்கிறேன். இரண்டு இடத்திலும் மேற்குப் பசிபிக்கைப் பார்க்கும் பிரிவையே கேட்டிருக்கிறேன். மூன்றாவதாக நார்ஃபோக். மேரிலாந்தின் மருந்தாளுநர் சட்டத் தேர்வுக்கான புத்தகத்தை மனைவி ஏற்கெனவே வாங்கிவிட்டார். டீட்டெய்லருடன் பேசும் நாள் இன்னும் முடிவாகவில்லை என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.